தானே நிற்கும் பாபின் வைண்டர்: 6 மாதம் ஓட்டிப் பார்த்ததில்

முன்பெல்லாம் தையல் மெஷினோடு ஒட்டியிருக்கும் வைண்டரில்தான் (நூல் சுற்றும் கருவி) பாபினில், அதாவது அடிநூல் வைக்கும் சின்ன உருளையில், நூல் சுற்றுவேன், அதன் பிடி தேய்ந்துபோனதால் கண்ணை எடுத்தால் நூல் விளிம்பைத் தாண்டி வழிந்து அச்சில் சிக்கிக்கொள்ளும், அப்புறம் பிளேடால் அறுக்க வேண்டியதுதான். இந்த மோட்டார் வைண்டரில் பாபின் நிரம்ப நிரம்ப நூலே ஒரு சின்னத் தகட்டை வெளியே தள்ளும், பிடி விலகும், டக்கென்று நின்றுவிடும். எவ்வளவு நிரம்ப வேண்டும் என்பதை ஒரு திருகில் வைத்துக்கொள்ளலாம். விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளேயே நிற்கும்படி வைத்தேன், மெஷினில் பாபின் உட்காரும் கேஸில் உரசாமல் ஓடுகிறது.

குறை ஒன்று உண்டு. நடுவில் நூல் அறுந்தால் இதற்குத் தெரியாது, வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டில் பஞ்சு சேர்ந்தாலும் நூல் தொளதொளவென்று ஏறி இடத்தை அடைத்துக்கொள்ளும், பாதி நூலிலேயே நின்றுவிடும், அதனால் வாரம் ஒருமுறை பிரஷ் போடுங்கள். மற்றபடி அது சுற்றுகிற நேரத்தில் நான் நிம்மதியாக ரவிக்கை வெட்டுகிறேன்.