சிபிஆர் கத்துக்க கேமா, பொம்மையா?

டீன் ஏஜ் பசங்கள உக்கார வச்சு சிபிஆர் (இதயம் நின்னு போனவங்க நெஞ்ச அமுக்கி உயிர காப்பாத்தற முதலுதவி) பத்தி லெக்சர் குடுத்தா பாதி பேரு தூங்கிருவாங்க, அதான் பிரிட்டன்ல ரிசசிடேஷன் கவுன்சில்ங்கற உயிர்காப்பு அமைப்பு 2013ல லைஃப்சேவர்னு ஒண்ணு விட்டாங்க, பாக்க சினிமா மாதிரி இருக்கும் ஆனா கேம். ஒருத்தர் திடீர்னு சுருண்டு விழறாரு, அடுத்து என்ன பண்ணணும்னு நீங்கதான் டக்குனு முடிவு பண்ணணும், கையில இருக்கற ஃபோன மேலயும் கீழயும் அசைச்சு நெஞ்ச அமுக்கற வேகத்தக் காட்டணும், நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவ. அப்புறம் விஆர்லயும் (கண்ணுல ஹெட்செட் மாட்டிக்கிட்டு பாக்கறது) வந்துச்சு.

இந்தப் பக்கம் பொம்மை, நெஞ்ச அமுக்கிப் பழகறதுக்குன்னே மனுஷன் மாதிரி செஞ்சது. அதுவும் விளையாட்டுச் சாமான் செஞ்சவர் கைவேலதான், நார்வேக்காரர் லார்டல் 1960ல கொண்டுவந்தது (இது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம்).

பதட்டத்துல யோசிக்கறது, உடனே ஆம்புலன்ஸுக்கு போன் போடறது, ஏஇடி (இதயத்துக்கு ஷாக் குடுக்கற மிஷின்) எடுத்துட்டு வரச் சொல்றது, இதுக்கெல்லாம் கேம்தான் பெஸ்ட், தப்பு பண்ணா என்ன ஆகும்னு கண்ணு முன்னாடி தெரியும். ஆனா பெரியவங்க நெஞ்சு 5லேருந்து 6 செமீ உள்ள போகணும்ல, அதுக்கு எவ்ளோ பலம் வேணும்னு ஃபோன அசைச்சா எப்படிங்க தெரியும்? பொம்மைய ரெண்டு நிமிஷம் அமுக்கிப் பாருங்க, தோள்பட்டை கழண்டுரும், சில பொம்மைல சரியான ஆழம் போனா டிக்னு சத்தம் வேற வரும்.

செலவுன்னு பாத்தா கேம்தான் கம்மி, வகுப்புல 40 பேருக்கு ஒரே பொம்மைன்னா ஒருத்தனுக்கு கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். ஒண்ணுதான் முடியும்னா என் ஓட்டு பொம்மைக்கு, ரெண்டும் முடியும்னா மொதல்ல கேம் ஆட விட்டுட்டு அப்புறம் அமுக்க விடுங்க.