வெர்னியர் வைத்துப் பார்த்த போர்ஷே

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரும். துண்டு துண்டாகப் பொருத்திக் கட்டும் லெகோ பொம்மைகளில் 10295 என்ற எண் கொண்ட போர்ஷே 911 கார் கொடுத்த காசுக்குத் தகும். கார் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் காசு கொடுத்தது பெட்டிக்குள் இருக்கும் 1458 துண்டுகளின் அளவுச் சுத்தத்துக்கு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கார் கம்பெனிகளுக்குப் போகும் உள்பாகங்கள் எங்களிடம் தயாராகின்றன: சுவிட்ச் மூடிகள், ஏசி காற்று வரும் தடுப்புகள், கண்ணுக்கே தெரியாத இடத்தில் மாட்டும் கிளிப்புகள். எந்த பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்தாலும் அதன் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மோல்டின், அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சின், இரண்டு பாதிகளும் சரியாக மூடவில்லை என்றால் ஓரத்தில் மெல்லிய சவ்வுபோலப் பிளாஸ்டிக் பிதுங்கியிருக்கும். அதற்கு ஃப்ளாஷ் என்று பெயர். கண்ணுக்குத் தப்பினாலும் நகத்துக்குத் தப்பாது. கல்யாண வீட்டில் பந்தி நாற்காலியைக்கூட நான் இப்படித் தடவிப் பார்ப்பதாக என் கணவர் சொல்வார். உண்மைதான்.

தீபாவளி போனஸில் வாங்கினேன். “இந்தக் காசுக்குக் கால் பவுன் வந்திருக்குமே அம்மா” என்றார் மாமியார். அவர் கணக்கில் தப்பில்லை, விலை ஐந்து இலக்கம். இந்தியாவில் இது இத்தனை விலை விற்பதற்கு ஒரு காரணம் சுங்க வரி. இறக்குமதிப் பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்த அடிப்படை வரி 2020-இல் 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் ஏறியது. போதாததற்கு, 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயமாகிவிட்டது. முத்திரை விஷயத்தில் எனக்கு முழுச் சம்மதம். வரி விஷயத்தில் என் பர்ஸுக்குச் சம்மதம் இல்லை.

வாங்கிய கடை ஒரு பெரிய மாலில் இருக்கிறது. பெயர் வேண்டாம். பெட்டியின் அடியில் அதிகபட்ச விற்பனை விலை அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று, அதன்மேல் பாதி மூடியபடி இன்னொன்று. மேலே இருந்த விலை அதிகம். “புது சரக்கு மேடம், விலை ஏறிவிட்டது” என்றார் விற்பனையாளர் தம்பி. புது சரக்கு என்றால் புது பெட்டியில் அல்லவா புது விலை இருக்க வேண்டும்? பொட்டலப் பொருள் விதிகளின்படி விலையைக் குறைப்பதற்குத்தான் தனி ஸ்டிக்கர் ஒட்டலாம். அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. கூட்டி ஒட்டுவதற்கு வழியே இல்லை. இதை நான் குரல் உயர்த்தாமல்தான் சொன்னேன். மேலாளர் வந்தார், இரண்டு ஸ்டிக்கரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழைய விலைக்கே பில் போடச் சொன்னார். பெரிய பெட்டி வாங்குகிறவர்கள் ஒருமுறை அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது துண்டுகளுக்கு வருகிறேன். பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் இதேபோன்ற நகல் பெட்டிகள் கால்வாசி விலைக்குக் கிடைக்கின்றன. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்த சமயத்தில் அண்ணன் மகனுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது. அவனுக்கு அப்படி ஒரு நகலை வாங்கிக் கொடுத்திருந்தோம். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் கையில் இருந்தன. இரண்டிலும் ஒவ்வொரு பிடி அள்ளிக்கொண்டு போய் எங்கள் யூனிட்டில் நுண்ணிய அளவு எடுக்கும் வெர்னியரிலும், பாகத்தின் நிழலைப் பெரிதாக்கிக் காட்டும் புரொஃபைல் புரொஜெக்டரிலும் வைத்துப் பார்த்தேன். சாப்பாட்டு இடைவேளையில்தான். மேலதிகாரி இதைப் படித்தால் அந்த வாக்கியத்தைக் கவனிக்கவும்.

லெகோவின் அடிப்படை எட்டு. துண்டின் மேல் வட்டமாகத் துருத்தி நிற்கிறதே, அந்தக் குமிழ் ஒன்றின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையத்துக்கு 8 மி.மீ. குமிழின் விட்டம் 4.8 மி.மீ. நான்கு குமிழ்கள் சதுரமாக நிற்கும்போது மூலைவிட்டம் 11.31 மி.மீ. வருகிறது. அதில் ஒரு குமிழின் 4.8 மி.மீட்டரைக் கழித்தால் மிச்சம் 6.51. துண்டைத் திருப்பினால் அடியில் தெரியும் குழாயின் வெளிவிட்டம் அதுவேதான். அந்த நான்கு குமிழ்களுக்கு நடுவில் குழாய் போய் உட்கார்ந்துகொள்கிறது. குழாய் வைத்த இந்த அமைப்புக்கு டென்மார்க்கில் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டார்கள். அதற்கு முந்தைய துண்டுகள் உள்ளே வெறும் பொந்து, பிடிப்பு போதாது.

பக்கவாட்டில் நான்கு குமிழ் நீளத் துண்டு 32 மி.மீ. இருக்க வேண்டுமல்லவா? இருக்காது. 31.8 இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் பத்தில் ஒரு மி.மீ. விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அடுத்த துண்டோடு முட்டக் கூடாது என்பதற்காக. எங்கள் வேலையில் இந்தக் கணக்குதான் உயிர். இந்த காரின் நீளம் சுமார் 35 செ.மீ., அதாவது ஏறக்குறைய 44 குமிழ்கள். ஒரு குமிழுக்கு 0.05 மி.மீ. பிசகினால் வண்டியின் மூக்கிலிருந்து வால் வருவதற்குள் 2.2 மி.மீ. பிசகிவிடும். கதவு மூடாது.

நகலில் நடந்ததும் அதுதான். தனித்தனியாகப் பார்த்தால் துண்டுகள் மோசமில்லை. ஒரே வகைத் துண்டு பத்தை வரிசையாக அடுக்கினால் வளைகிறது. சிலவற்றில் குமிழ் தளர்வு, சிலவற்றில் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டிய இறுக்கம், வெள்ளைத் துண்டு சிலவற்றில் வெள்ளிக் கோடுகள். அந்தக் கோடு எனக்கு நன்றாகப் பழக்கம். இந்தத் துண்டுகளைச் செய்யும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மோல்டிங்குக்கு முன் 80 டிகிரி சூட்டில் சில மணி நேரம் உலர்த்தியாக வேண்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்த்தியை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்தினாலும் பாகத்தின் முகத்தில் கோடு விழும். அந்த நகலைச் செய்தவர்கள் அவசரத்தில் இருந்திருக்கிறார்கள்.

அசல் துண்டு ஒன்றை மோல்டுகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் டூல் ரூம் அண்ணனிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார். “மோல்டு மூடும் கோடு எங்கே மேடம்?” என்று கேட்டார். ஓரத்தோடு ஓரமாக ஒளித்துவிட்டிருந்தார்கள். அவர் அந்தத் துண்டைத் திருப்பித் தரவில்லை. பெட்டியில் சில சின்னத் துண்டுகள் எப்போதும் உபரியாகவே வரும் என்பதால் நானும் கேட்கவில்லை.

இனி கார். போர்ஷே 911 முதன்முதலில் 1963-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் சுழியம் வைத்த மூன்று இலக்க எண்கள் தங்களுக்கே உரியவை என்று பிரான்ஸின் பெஜோ கம்பெனி ஆட்சேபித்ததால் 911 ஆனது. லெகோ பழைய, வளைந்துபோகும் பிளாஸ்டிக்கை விட்டு ஏபிஎஸ்ஸுக்கு மாறியதும் அதே 1963-இல்தான். 911-இன் எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் இருக்கும். எடையில் பெரும்பகுதி வாலில். வளைவில் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுழற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பொருத்திய 1970-களின் மாடலுக்கு இந்த விஷயத்தில் கெட்ட பெயரே உண்டு. மிதித்தவுடன் வேகம் வராது, டர்போ விழித்துக்கொண்டதும் மொத்தமாக வரும்.

ஒரே பெட்டியில் இரண்டு கார்களில் ஒன்றைக் கட்டலாம். டர்போ என்றால் பின்பக்கம் அகலமாகும், வாலில் ஸ்பாய்லர் என்ற தட்டையான பெரிய காற்றுப் பலகை வரும். டார்கா என்றால் கறுப்பு வளையமும் கழற்றி எடுக்கும் கூரையும் வரும். திறந்த கார்களை அமெரிக்கா தடை செய்துவிடுமோ என்ற பயத்தில் 1965-இல் போர்ஷே கண்டுபிடித்த நடுவழி டார்கா. கழற்றிய கூரையை முன்பக்க மூடிக்குள் வைக்கலாம், எஞ்சின்தான் பின்னால் போய்விட்டதே. மாடலிலும் அந்த இடம் சரியாக விடப்பட்டிருக்கிறது. நான் டர்போவைக் கட்டினேன். மாமியார் பார்த்துவிட்டு, “பின்னால் எதற்கு முறம்?” என்றார். அதற்குப் பிறகு எனக்கும் அது முறமாகத்தான் தெரிகிறது.

கட்டும் வேலையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டேன். பைகளில் எண் போட்டிருக்கிறது, ஒரு பை முடிந்த பிறகு அடுத்ததைப் பிரித்தால் போதும். எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டிக்கொள்ளுங்கள். துண்டு உருளும் சத்தம் கேட்கும், காணாமல் போகாது. வழிமுறைகள் முழுக்கப் படங்கள்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் முன்பக்க மட்காட். லெகோ துண்டு சதுரம், போர்ஷேயில் சதுரமான இடமே கிடையாது. எப்படிச் சமாளித்தார்கள்? சாதாரணத் துண்டின் உயரம் 9.6 மி.மீ., தட்டைத் துண்டின் உயரம் அதில் மூன்றில் ஒன்று, 3.2. ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16 மி.மீ. இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. ஆகவே ஒரு பகுதியைத் தனியாகக் கட்டி, 90 டிகிரி திருப்பி, பக்கவாட்டில் சொருகினால் இடைவெளியே இல்லாமல் உட்காரும். விளக்கைச் சுற்றிய வளைவை இப்படித்தான் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டவைக்கிறார்கள். கையில் இருக்கும்போது எதற்கென்றே புரியாத ஒரு கட்டி, வண்டியில் அழுத்தியதும் ‘டக்’ என்று மட்காட் ஆகிவிடுகிறது. அதைக் கழற்றி மறுபடியும் மாட்டிப் பார்த்தேன், தேவை எதுவும் இல்லாமல்.

உள்ளே கருஞ்செம்மஞ்சள் இருக்கைகள். முன்னிருக்கைகள் சாய்கின்றன, பின்னால் இரண்டு சின்ன இருக்கைகள். ஸ்டீரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்புகிறது, கைபிரேக்கும் கியர் குச்சியும் அசைகின்றன. பின்மூடியைத் திறந்தால் ஆறு சிலிண்டர்களும் படுத்தபடி இருக்கும் எஞ்சின், டர்போ சாமான்களோடு. பார்க்க மட்டும்தான், பிஸ்டன் ஏறி இறங்காது. முன்கண்ணாடிக்கும் மூடிக்கும் நடுவில் கோடு கொஞ்சம் படிபடியாக இறங்குகிறது, முன்முகமும் நிஜ வண்டியைவிடச் சற்றுத் தடிப்பு. பின்பக்கத்தில் குறை சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை. நிஜ வண்டி சுமார் 4.29 மீட்டர் நீளம், ஆக இது ஏறத்தாழ 12-இல் ஒரு பங்கு.

டர்போ கட்டியதும் டார்காவுக்குரிய துண்டுகள் மிஞ்சும். எறிந்துவிடாதீர்கள். நான் மிக்சர் டப்பாவில் போட்டு மூடியில் எழுதி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் யாராவது திறந்து ஒரு பிடி அள்ளுவார்கள்.

சென்னையில் வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை. ஏபிஎஸ்ஸில் ரப்பர் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. வெயிலின் புற ஊதாக் கதிர் முதலில் தாக்குவதும் அந்த ரப்பரைத்தான். வெள்ளை நிறம் மஞ்சளாகும். இந்த வண்டியோ முழுக்க வெள்ளை. மேற்கு பார்த்த ஜன்னலோரத்தில் வைக்க வேண்டாம். தூசுக்கு ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகை போதும், ஈரத்துணி வேண்டாம். முன்கண்ணாடியைத் துணியால் அழுத்தித் துடைக்கவே துடைக்காதீர்கள், கீறல் விழும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இருந்தால் பாதி வேலை மிச்சம்.

பிஸ்டன் அசைய வேண்டும், கியர் உண்மையாகவே மாற வேண்டும் என்பவர்களுக்கு லெகோவின் டெக்னிக் வரிசை இருக்கிறது. 2022-இல் வந்த ஃபெராரி டேடோனா எஸ்பி3-இல் 3778 துண்டுகள், எட்டு கியர்கள், அசையும் பன்னிரண்டு பிஸ்டன்கள். அண்ணன் மகன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். “அத்தை, உங்கள் ஆபீசில் போனஸ் எப்போது?” என்கிறான். அந்தப் பெட்டிக்கு என் போனஸோடு அவன் அப்பாவின் போனஸையும் சேர்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.