மலைநாட்டில் வானோடு குடும்பப் பயணம்: பல பருவம் ஓடிய பிறகு எது தாங்கியது, எது தாங்கவில்லை

டொயோட்டா ஹயேஸ் வகையான கே.டி.எச். வானின் பின்பகுதியில் கட்டிலும் சின்னக் குசினியும் வைத்து, இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் இலங்கையின் மலைநாட்டில் தங்கிப் பயணிப்பது பற்றிய பயன்பாட்டுக் குறிப்பு இது. ஹற்றன், நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் மழையிலும் பனியிலும் ஓடித் தேய்ந்த வண்டியை வைத்து எழுதுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மலைக்குப் போகும் வானுக்குப் பாரமும் ஈரமும்தான் எதிரிகள். கடையில் ஆசையாக வாங்கிப் பூட்டும் சாமான்களில் பாதி இந்த இரண்டில் ஒன்றைக் கூட்டும்.

முதலில் வண்டி. ஒடுக்கமான உடல் கொண்ட கே.டி.எச். ஏறக்குறைய 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம். தம்பேதென்ன தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீற் காட்சிமுனைக்கு ஏறும் தோட்ட வீதியில் கொழுந்து லொறி எதிரே வந்தால், இந்த அகலத்தோடுதான் ஒதுங்க முடியும். உயர்ந்த கூரையும் அகல உடலும் உள்ள நீள வானில் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் முன்னும் பின்னும் அடித்துத்தான் திருப்ப வேண்டிவரும், பக்கக் காற்றுக்கும் ஆடும். ஒடுக்க வானில் நிற்க முடியாத குறையைப் பின்கதவு தீர்க்கிறது. மேலே தூக்கும் கதவு என்பதால் அதன் கீழ் அடுப்பை வைத்து, இரு பக்கமும் படங்கு ஒன்றைக் கொழுவிவிட்டால் சாரல் மழையிலும் சமைக்கலாம். டர்போ இல்லாத, கே.டி.எச்.சுக்கு முந்திய ஹயேஸான டொல்பின் வான்களும் ஏறும். ஆனால் உயரம் கூடக் காற்று ஐதாவதால் ஆயிரம் மீற்றருக்குச் சுமார் பத்து வீதம் இழுவை குறையும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் கறுப்புப் புகை கக்கும். டர்போ டீசலில் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. பாரத்தோடு மலையில் ஒரு லீற்றருக்கு 7 முதல் 8 கிலோமீற்றர் என்று கணக்கு வையுங்கள்.

ஆசனங்களைக் கழற்றி நிரந்தரமாகக் கட்டில் அடிக்க வேண்டாம். அது வாகனத்தின் பதிவோடு சம்பந்தப்பட்ட மாற்றம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் செய்தால் விபத்து நேரத்தில் காப்புறுதியும் தகராறாகும். நடு வரிசை ஆசனம் பட்டியோடு அப்படியே இருக்கட்டும், பிள்ளைகள் ஓட்டத்தில் அதில்தான் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் மூன்று பெட்டிகள், பட்டி கட்டி இறுக்கியவை. இரவில் நடு ஆசனத்தின் முதுகைச் சாய்த்து அதன் மேல் பலகைச் சட்டங்களை விரித்தால் ஒன்றரை மீற்றர் அகலப் படுக்கை கிடைக்கும். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை நால்வருக்கும் போதும். பத்து வயது தாண்டிவிட்டால் போதாது. அப்போது பெரியவர்கள் இருவரும் பக்கத்தில் கூடாரம் அடித்துப் படுப்பதே நடைமுறை.

பெட்டிக்கு 18 மி.மீ. பிளைவூட் தேவையில்லை, 12 மி.மீ. போதும். மேலே முழுப் பலகை போடாமல் 70 மி.மீ. அகலச் சட்டங்களை 50 மி.மீ. இடைவெளி விட்டு அடியுங்கள். பாரம் குறையும், மெத்தையின் அடியில் காற்றும் ஓடும். மூலைகளில் ஆணி மட்டும் அடித்தவை தோட்ட வீதிக் குலுக்கலில் கழன்றுவிடும். இரும்பு எல் துண்டும் நட்டும் போட்டவைதான் நிலைத்தன. கட்டில், தண்ணீர், பற்றரி, காஸ், உடுப்பு, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து 250 கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்பது எங்கள் எல்லைக் கோடு. பாரமானவை பின் அச்சுக்கு முன்னால், தரையோடு. பின்கதவோரம் தண்ணீர்த் தாங்கி வைத்தால் பின்பக்கம் அமுங்கி முன்சில்லு இலேசாகிவிடும், ஈர வளைவில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. ரயரில் காற்று, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் முழுப் பாரத்துக்கான அளவில், ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

பாரம் ஏற்றத்தில் டீசலைத்தான் தின்னும், இறக்கத்தில் உயிரைக் கேட்கும். இரண்டரை தொன் வான் நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே வருகிறது. அதில் வெளிவரும் சக்தி கிட்டத்தட்ட ஒரு லீற்றர் டீசலை எரித்தால் வரும் சூட்டுக்குச் சமம். அதை முன்சில்லின் பிரேக் தட்டும் பின்சில்லின் பிரேக் டிரம்மும் மட்டும் வாங்கினால் கருகும். ஏற எந்தக் கியர் தேவைப்படுமோ, இறங்கவும் அந்தக் கியரே. ஓட்டோ கியர் வானில் ‘டி’யில் விட்டு இறங்கக் கூடாது, ‘2’ அல்லது ‘எல்’ நிலைக்கு மாற்றுங்கள். பிரேக்கைத் தொட்டபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். சூடு ஆற இடைவெளி கிடைக்கும்.

கருகல் மணம் வந்தால் சமதரையில் ஒதுக்கி, கியரில் போட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். கொதிக்கும் டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஆறவிட்டால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் தட்டு நெளியலாம், வெடிக்கலாம். பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது. எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் கூடக் கொதிநிலை இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது அதனால்தான். ஆறியதும் பெடல் திரும்பினாலும் கராஜில் காட்டாமல் அடுத்த இறக்கத்துக்குப் போகாதீர்கள். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் ஏழு பேர் உயிரிழந்த விபத்தை மலைநாட்டில் எவரும் மறக்கவில்லை. பாரமேற்றிய வானோடு அந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

ஈரத்துக்கு வருவோம். நால்வர் மூடிய வானுக்குள் இரவு முழுக்க மூச்சு விட்டால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். வெளியே 10 பாகை, கண்ணாடியும் தகடும் குளிர். ஆவி அங்கே தண்ணீராகிச் சொட்டும். குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிடுவதுதான் பலரும் செய்வது. விடியும்போது போர்வை நனைந்திருக்கும், ஈரப் போர்வை இன்னும் குளிரும். காற்று வராத பக்கத்தில் முன்கண்ணாடி ஒன்று, எதிர்மூலையில் பின்கண்ணாடி ஒன்று, இரண்டு விரல் அளவு திறந்திருக்க வேண்டும். மழைத் தடுப்பும் நுளம்பு வலையும் போட்டால் போதும். கண்ணாடிகளுக்கு அளவாக வெட்டிய வெள்ளித் தாள் போம் ஒட்டிய தட்டிகள், செலவு குறைந்ததும் பலன் கூடியதுமான சாமான். சமைப்பதும் ஈர உடுப்புக் காயப்போடுவதும் உள்ளே வேண்டாம். அப்படியிருந்தும் தகட்டுக்கும் பிளைவூட்டுக்கும் நடுவே பூஞ்சணம் பிடிக்கும். அதனால் பெட்டிகளைத் தகட்டோடு ஒட்டாமல் இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். தரையில் ஒட்டும் கம்பளம் போட்ட வான்கள் ஒரு மழைக்காலத்திலேயே நாறிவிடும். றப்பர் விரிப்பே சரி.

குளிருக்கு உள்ளே அடுப்பு மூட்டுவதோ இன்ஜினை ஓட விட்டுத் தூங்குவதோ கூடவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூங்குபவர் எழும்பமாட்டார். பற்றரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தலைமாட்டு உயரத்தில் பொருத்துங்கள். சூட்டுக்குச் சுடுதண்ணீர் றப்பர் பை, கம்பளி, காலுறை, பிள்ளைகளுக்குத் தொப்பி. நுவரெலியா, அம்பேவெலப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் புல் மேல் உறைபனி விழும் இரவுகளிலும் இவை போதுமாக இருக்கின்றன.

அடுப்புக்கு 2.3 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்று நால்வருக்குச் சில நாட்கள் தாராளம். காஸிலுள்ள பியூட்டேன் பூச்சியப் பாகைக்குக் கிட்டவே ஆவியாவதை நிறுத்திவிடும். குளிர்ந்த விடியலில் சுவாலை சுருங்குவதற்குக் காரணம் அதுதான், சிலிண்டர் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர்ப் பேசினில் சிலிண்டரின் அடியை வைத்தால் மீளும். நெருப்பில் காட்டக் கூடாது. கையடக்க அடுப்பின் சின்னக் குப்பிகள் மலையில் இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடுகின்றன. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். மைசூர்ப் பருப்பு வெந்துவிடும், கடலையும் பயறும் இரவே ஊறப்போட்டு மூன்று லீற்றர் பிரஷர் குக்கரில் அவித்தால்தான் சரிவரும்.

மின்சாரத்தில் பலர் பணத்தைக் கொட்டுவது சூரியத் தகட்டில். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ அது பொருந்தும். முகில் மூடிய ஹற்றனில், மரநிழலில் நிறுத்தும் வானில், நாள் முழுக்க வருவது போன் பற்றரிக்குத்தான் காணும். ஓடும்போது இன்ஜினிலிருந்து ஏற்றும் 30 அம்பியர் டீசீ-டீசீ சார்ஜரே மலைக்கு ஏற்றது. இரண்டு மணி ஓட்டத்தில் 60 அம்பியர்-மணி வரும். 100 அம்பியர்-மணி லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி ஒன்று விளக்கு, போன், சின்ன விசிறி, 12 வோல்ற் குளிர்பெட்டி எல்லாவற்றையும் இரண்டு இரவு தாங்கும். குளிர்பெட்டியே தேவையா என்பது கேள்வி. திறக்காத யூ.எச்.ரி. (உயர்வெப்பத்தில் பதப்படுத்திய) பால் பெட்டியும் நுவரெலியாச் சந்தை மரக்கறியும் அந்தக் குளிரில் குளிர்பெட்டிக்கு வெளியே கிடந்தாலும் கெடாது. மீன், இறைச்சிக்கு ஆசைப்படாத குடும்பம் குளிர்பெட்டியை வீட்டில் விட்டுப் போகலாம், பதினைந்து கிலோ மிச்சம். இன்ஜின் பற்றரியையும் இந்தப் பற்றரியையும் இணைக்கும் வயர் 16 சதுர மி.மீ., இரண்டு பற்றரியின் பக்கத்திலும் ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நால்வருக்குக் குளிப்பை விட்டு நாளுக்கு 30 முதல் 40 லீற்றர் தண்ணீர் போகும். கீழிருந்து முழுதும் சுமக்காமல், பாதி நிரப்பி ஏறி, மேலே கேட்டுப் பிடியுங்கள். தோட்டத்துப் பீலியில் (மலையூற்றுக் குழாயில்) வரும் தண்ணீர் கழுவவும் குளிக்கவும் நல்லது. குடிக்க, மேலே மரக்கறித் தோட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ் பாத்திகளுக்கு அடிக்கும் மருந்து கொதிக்க வைத்தால் போகாது, சாதாரண வடிகட்டியிலும் முழுதாக நிற்காது. கையடக்க மலகூடத்தில் சேர்வதை, அனுமதி கேட்டு ஒரு மலகூடக் குழியில் மட்டுமே கொட்ட வேண்டும். கானிலோ ஓடையிலோ விட்டால் அது கீழே லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருக்கும் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில்தான் போய்ச் சேரும். இந்த ஒரு விடயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க நாங்கள் தயாரில்லை. சவர்க்காரத் தண்ணீரையும் ஓடையிலிருந்து விலகி மண்ணில் ஊற்றுங்கள்.

இரவில் எங்கே நிறுத்துவது? வான்களுக்கென்று மின்சாரமும் தண்ணீரும் தரும் தரிப்பிடங்கள் இங்கே மிகக் குறைவு. நடைமுறையில் சரிவருவது சின்ன விருந்தினர் விடுதிகளின் முற்றம். குளியலறைக்கும் தரிப்புக்கும் ஒரு தொகை பேசிக்கொண்டால் சுடுதண்ணீர்க் குளிப்பும் கிடைக்கும். தோட்டக் காணியில் நிற்பதென்றால் துரையிடமோ (தோட்ட முகாமையாளர்) அலுவலகத்திலோ கேட்டுவிட்டுத்தான். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், கேட்காமல் நின்றால் காவலாளி எழுப்புவார், அது நியாயமும்கூட. ஹோர்ட்டன் சமவெளியில் பூங்காவுக்குள் கண்ட இடத்தில் தூங்க முடியாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் முகாமிடங்களை முன்பதிவு செய்ய வேண்டும். ஆனால் பட்டிப்பொல, அம்பேவெலப் பக்கம் இரவு தங்கி, வாயில் திறக்கும் ஆறு மணிக்கே உள்ளே போய்விட்டால், முகில் ஏறி ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பை மூடும் முன் பார்த்துவிடலாம். வானில் போவதன் முழுப் பயன் அந்த மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது. பொலித்தீன் பைகளை வாயிலில் எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள்.

வெட்டிய மண்மேட்டின் அடியிலும், ஓடை மதகின் மேலும், வீதியோரம் புதிதாக நிரப்பிய மண்ணிலும் நிறுத்தித் தூங்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளை அறுத்துப் போட்டதையும் கண்ட நாடு இது. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே இடத்தை மாற்றுங்கள், இருட்டினாலும் சரி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம், பிரதேசச் செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் விழுந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுவது குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அழகு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்பியூலன்ஸ் 1990.

காலத்தைத் தெரிவு செய்வதும் அதே கணக்குத்தான். ஜனவரி முதல் மார்ச் வரை நுவரெலியா, ஹற்றன் பக்கம் காய்ந்திருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை மேற்குச் சரிவில் அடிக்கும்போது, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல வெயிலோடு இருக்கும், காற்று மட்டும் பலம். பக்கத்துப் படங்கை அங்கே கட்ட வேண்டாம், கிழித்துவிடும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குள் வானைக் கொண்டுபோனால் தரிப்பிடம் தேடியே நாள் போய்விடும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை என்பதால் இரண்டு மணிக்குள் நிறுத்துமிடம் சேர்ந்துவிட வேண்டும்.

வீடு திரும்பியதும் அடுத்த நாளே மெத்தைத் துண்டுகளையும் பெட்டி மூடிகளையும் எடுத்து வெயிலில் போடுங்கள். தாங்கியை வடித்துத் திறந்து வையுங்கள். சில்லுகளைக் கழற்றிப் பிரேக் பட்டையின் தடிப்பும், பின் டிரம்முக்குள் எண்ணெய்க் கசிவும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டில் நட்டுகளை இறுக்குங்கள். கதவு றப்பருக்குள் அட்டை ஒன்றிரண்டு உயிரோடு இருக்கும், உப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்தால் விழுந்துவிடும்.