கடையா, கூரியரா, கைபேசியா: மட்டக்களப்பில் புத்தகம் வாங்கும் காசுக் கணக்கு

தமிழ்நாட்டுப் பதிப்பு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் இந்திய விலை எங்கே அச்சிட்டிருக்கிறது என்றுதான் தேடுவேன். 300 என்றிருந்தால் மனசுக்குள் நான்கால் பெருக்கி 1,200. கடைக்காரர் ஐந்தால் பெருக்கினால் 1,500. 2022இல் இலங்கை ரூபாய் சரிந்த பிறகு இந்த வாய்ப்பாடு எங்களுக்கு மனப்பாடம். ஏற்றிவரும் செலவு, கடை வாடகை, விற்காமல் தூசி பிடிக்கும் பிரதிகள் எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதால் கடைக்காரரோடு சண்டை பிடிக்கவும் மனம் வராது.

நகரத்துக் கடைகளில் முன்வரிசை முழுக்கப் பரீட்சைக்கு உரியது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், ஓ.எல்., ஏ.எல். வினாத்தாள் தொகுப்புகளைத் தாண்டிப் போனால் ஒரு மூலையில் நாவலும் கவிதையும் இருக்கும். தெரிவு குறைவுதான். ஆனாலும் நின்ற இடத்தில் பத்துப் பக்கம் வாசித்துப் பார்க்கலாம், எழுத்துப் பொடியா, கட்டு பிரியுமா என்று புரட்டிப் பார்க்கலாம். பிடிக்காத புத்தகத்துக்குக் காசு கொடுக்காமல் தப்புவதும் சேமிப்புத்தானே. கொழும்பில் பூபாலசிங்கம் போன்ற புத்தகசாலைகளில் தெரிவு தாராளம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்துப் புத்தகக் கண்காட்சியில் கழிவும் கிடைக்கும். அதற்கென்றே ரயில் ஏறினால் அந்தக் கழிவு டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். வேறு வேலையாகக் கொழும்பு போகிறவருக்குத்தான் அது மலிவு.

முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறவர்களின் விலை கடைவிலையை ஒட்டித்தான் இருக்கும். மேலதிகமாகக் கூரியர் காசு. ஒற்றைப் புத்தகத்துக்கு அது கட்டுப்படியாகாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக எடுத்தால் சரிவரும். மாரி மழைக்குள் எனக்கு வந்த ஒரு பார்சலில் பொலித்தீன் சுற்றப்படவில்லை. பக்கங்கள் அலையலையாக ஊதிப்போயிருந்தன. அன்றிலிருந்து நவம்பர், டிசெம்பரில் கூரியருக்கு ஓடர் கொடுப்பதில்லை. சென்னையிலிருந்து நேரே தருவிப்பதென்றால் தபால் செலவே புத்தக விலையைத் தாண்டும். ஜனவரியில் யாராவது சென்னைக்குப் போனால் கதை வேறு. அங்கே புத்தகக் காட்சியில் பத்து வீதம் கழிவு. நாணய மாற்றுக் கணக்கு மட்டும்தான், நான்கு, ஐந்து பெருக்கல் கிடையாது. இருக்கிற வழிகளில் மிக மலிவானது இதுதான். ஆனால் சேலைக்கும் மருந்துக்கும் நடுவே இரண்டு கிலோ புத்தகத்துக்கு இடம் தரும் நல்ல உள்ளம் வேண்டும்.

டிஜிட்டலில் காசு கொடுக்கும் வழி, கொடுக்காத வழி என்று இரண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் குவிந்து கிடக்கின்றன, இலவசமாக. சங்க இலக்கியம், பாரதி, புதுமைப்பித்தன் என்றால் 1998இலிருந்து இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளம். இவற்றுக்காகக் கடையில் காசு இறைப்பது எனக்கு ஒப்பாது. சிரமம் கண்ணுக்குத்தான்: வருடி ஏற்றிய பக்கம் படமாகவே வரும், சின்னக் கைபேசியில் ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். அமேசானின் கிண்டில் மின்னூலில் எழுத்தைப் பெருப்பிக்கலாம், விலையும் அச்சுப் பிரதியைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆனால் காசு டொலரில் போகும், வங்கி அட்டை வேண்டும். 2025 பெப்ரவரியில், வாங்கிய கோப்பைக் கணினிக்கு இறக்கி வைக்கும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரவல் கொடுக்கவும் வழியில்லை. அதற்காகக் கடதாசிதான் நிலையானது என்று சொல்லவும் வாய் வராது. 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. அலுமாரியோடு போன புத்தகங்களைப் பற்றி இங்கே பல வீடுகளில் கேட்கலாம்.

இதெல்லாம் தமிழ்நாட்டு நூலுக்கும் பழைய நூலுக்கும். இன்று எங்கள் ஊரில் எழுதுகிறவரின் புத்தகத்துக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பொருந்தாது. முந்நூறு, ஐந்நூறு பிரதி அடித்து, ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா வைப்பார்கள். பெயர் கூப்பிட ஒவ்வொருவராக மேடையேறி, என்வலப்பைக் கொடுத்து, புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துப் படத்துக்கு நிற்பார்கள். என்வலப்பின் மேல் கொடுத்தவர் பெயர் குமிழ்முனைப் பேனையால் பெரிதாக எழுதியிருக்கும். 600 ரூபாய்ப் புத்தகத்துக்கு உள்ளே ஆயிரமோ இரண்டாயிரமோ. அது விலையல்ல, மொய். நாளைக்கு நம் வீட்டு விழாவுக்கு அவர் வருவார்.

கை இறுக்கமானவர்கள் மேடைப்பக்கம் போகாமல், விழா முடிந்து கட்லெட்டும் தேநீரும் ஓடும் நேரத்தில் வாசல் மேசையில் அச்சிட்ட விலையைக் கொடுத்து வாங்குவார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் வாங்காமல் மட்டும் வருவதில்லை. தமிழ்நாட்டு நாவல் அடுத்த வருடமும் கிடைக்கும், ‘நூலகம்’ தளத்துப் பிரதி எங்கும் ஓடிவிடாது. இந்த முந்நூறு பிரதி தீர்ந்தால் மறுபதிப்பு வருவது அபூர்வம். அதனால் மாதத்துப் புத்தகக் காசில் முதல் பங்கு இதற்கு, மிச்சம் இருந்தால்தான் கூரியர்.

விழா மாசக் கடைசியில் வந்துவிட்டால் சம்பளம் எடுத்தபிறகு எழுத்தாளருக்கே ஒரு கோல் எடுங்கள். விற்காத கட்டு அநேகமாக அவர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கும். கல்லடிப் பாலத்தடியிலோ பஸ் நிலையத்திலோ கொண்டுவந்து தருவார், கையெழுத்தும் போட்டு. கூரியர் காசும் மிச்சம்.