பிரீமியர் லீக் ரெஃப்ரி + விஏஆர் சர்வீஸ் ரிவ்யூ: 5க்கு 2 ஸ்டார்

மாசா மாசம் காசு கட்டி ராத்திரி தூக்கத்த கெடுத்துக்கிட்டு இந்த இங்கிலாந்து ஃபுட்பால் லீக்க பாக்குறோம், அப்ப இதோட ரெஃப்ரிக்கும் விஏஆருக்கும் (ரூம்ல உக்காந்து வீடியோ பாத்து ரெஃப்ரி முடிவ சரிபாக்குறவங்க) ஒரு ரிவ்யூ எழுதலாம்ல. நான் ஆர்சனல் ஃபேன், அத முதல்லயே சொல்லிடுறேன், ஆனா இங்க எழுதுறது எல்லா டீம் ஃபேனுக்கும் உள்ள வயித்தெரிச்சல் தான்.

ரெண்டு ஸ்டார் எதுக்குன்னா, அளந்து சொல்ற வேலை எல்லாம் சூப்பரா நடக்குது. பந்து கோல் கோட்டை தாண்டுச்சுன்னா ரெஃப்ரி வாட்ச்ல உடனே வந்துடுது, 2025 ஏப்ரல்ல கேமராவும் கம்ப்யூட்டரும் சேந்து ஆஃப்சைடு கோட்டை போட்டுக் குடுக்குற செமி ஆட்டோமேட்டட் ஆஃப்சைடு வேற வந்துச்சு, அதுக்கு முன்னாடி மாதிரி கோடு போட்டு கோடு போட்டு நேரத்த கடத்துறது குறைஞ்சிருக்கு. இதுல யாருக்கும் சண்டை இல்ல.

மீதி மூணு ஸ்டார் போனது மனுஷன் முடிவெடுக்குற இடத்துல. 2024 ஆகஸ்ட் 31, ஆர்சனல் பிரைட்டன் மேட்ச். முதல் பாதியில பிரைட்டனோட ஜோவாவ் பெட்ரோ வெளிய போன பந்தை ஓங்கி தூரமா அடிச்சு விட்டாரு, கார்டு இல்ல. ரெண்டாவது பாதி ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல எங்க ஆர்சனல் ரைஸ் கால்கிட்ட உருண்டு வந்த பந்தை லேசா தட்டுறாரு, பந்து ஒரு ரெண்டடி நகர்ந்திருக்கும் அவ்ளோதான், ஃப்ரீ கிக் அடிக்க வந்த பிரைட்டன் வெல்ட்மன் ரைஸ் கால்லயே ஒரு உதை விடுறாரு, ரெண்டாவது மஞ்சள் கார்டு வாங்கி வெளிய போனது ரைஸ். அப்புறம் சமன் பண்ற கோலை அடிச்சது யாருன்னா அதே ஜோவாவ் பெட்ரோ, 1-1. ஒரு கண்ணுல வெண்ணெய் ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னா இதுதான். மூணே வாரத்துல மான்செஸ்டர் சிட்டி கூட எங்க ட்ரொசார்டுக்கும் இதே கதை, அங்கயும் சிட்டியோட டோக்கு முன்னாடி பந்தை தள்ளி விட்டதுக்கு ஒன்னும் இல்ல, ஆர்சனல் ரெண்டாவது பாதி முழுக்க பத்து பேரோட நின்னு, கடைசி நிமிஷத்துல சிட்டி கோல் போட்டு 2-2.

ரூல் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆட்டத்த திரும்ப ஆரம்பிக்கிறத தாமதப்படுத்தினா மஞ்சள் கார்டுன்னு தெளிவா இருக்கு. குடுத்தா எல்லாருக்கும் குடுங்க, விட்டா எல்லாருக்கும் விடுங்க. அப்ப விஏஆர் என்ன பண்ணுச்சுன்னா ஒன்னும் பண்ண முடியாது, ரெண்டாவது மஞ்சள் கார்டு அன்னைக்கு அது தலையிடலாம்ங்கிற லிஸ்ட்லயே கிடையாது.

சரி லிஸ்ட்ல இருக்குறதாவது ஒழுங்கா நடக்குதான்னா 2025 ஜனவரில வுல்வ்ஸ் டீம் கூட எங்க லூயிஸ்-ஸ்கெல்லிக்கு நேரடி ரெட் கார்டு, விஏஆர் பாத்துட்டு சரின்னு விட்டுடுச்சு, அப்புறம் அப்பீல்ல அந்த மூணு மேட்ச் தடையே ரத்தாகிடுச்சு. லிவர்பூல் ஃபேன்ஸ்கிட்ட கேளுங்க, 2023 செப்டம்பர்ல டாட்டன்ஹாம் கூட லூயிஸ் டியாஸ் போட்ட நல்ல கோல் போச்சு, களத்துல கோல் குடுத்துட்டாங்கன்னு ரூம்ல நினைச்சுக்கிட்டு செக் முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க, ஆட்டம் ஆரம்பிச்சதும் தான் தெரியுது அங்க ஆஃப்சைடுன்னு கொடி தூக்கியிருந்தாங்கன்னு.

இதுக்காக விஏஆரையே தூக்கணும்னு 2024ல வுல்வ்ஸ் ஓட்டெடுப்பு கொண்டு வந்து 19-1ன்னு தோத்துச்சு, நான் அந்த 19 பக்கம் தான். ஏன்னா சரி பண்ண முடியும்னு இவங்களே காட்டியிருக்காங்க. கீப்பர் பந்தை கையில வச்சிருக்க 6 செகண்டுன்னு ஒரு ரூல் இருந்துச்சு, வருஷக்கணக்கா யாரும் கண்டுக்கல, காரணம் தண்டனை பாக்ஸ் உள்ளயே ஃப்ரீ கிக், அவ்ளோ பெரிய தண்டனை குடுக்க ரெஃப்ரிக்கு மனசு வராது. 2025-26ல அத 8 செகண்டாக்கி தண்டனைய கார்னரா குறைச்சாங்க, ரெஃப்ரி கைய தூக்கி கடைசி 5 செகண்ட விரல் விட்டு எண்ணுறாரு, கீப்பருக்கும் தெரியுது ஸ்டாண்டுல இருக்குறவனுக்கும் தெரியுது. கீப்பருங்க பந்தை சீக்கிரம் விட்டுடுறாங்க.

பந்தை தட்டி விடுறதுக்கும் இப்படி சின்னதா ஒன்னு வேணும். 2000கள்ல இங்கிலாந்துலயே ஃப்ரீ கிக்க 10 கஜம் முன்னாடி நகர்த்துற தண்டனைய ட்ரை பண்ணி கைவிட்டாங்க, அத திரும்ப கொண்டு வாங்க, லேசா தட்டினாலும் ஓங்கி அடிச்சாலும் 10 கஜம், ஹோம் டீமா இருந்தாலும் 10 கஜம். அது வந்தா மூணாவது ஸ்டார் உடனே போட்டுடுறேன்.