“நாலாவது ஸ்டேஜுக்கும் மூலிகை கேப்சூல் இருக்கு” என்பவர்களிடம் கவனம்

குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியவர்களின் வீடுகளைத் தேடிப் பிடித்து மூலிகைக் கேப்சூல் விற்கும் ஓர் ‘ஆலோசனை மையம்’ பற்றிய பதிவு இது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. இதே பேச்சைப் பேசி விற்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

பெரியப்பாவுக்குப் பெருங்குடலில் ஆபரேஷன் முடிந்து, கல்லீரலில் கட்டிகள் தெரிந்ததால் கீமோ ஓடிக்கொண்டிருந்தது. ஐரினோடீகன், 5-எஃப்யூ என்ற இரண்டு மருந்துகளும் சேர்ந்தது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ கொடுத்த நம்பரை வைத்துக்கொண்டு அண்ணன் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

போர்டில் டாக்டர் என்று இல்லை, ‘ஆரோக்கிய ஆலோசகர்’ என்று இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவர் போட்டிருந்தது வெள்ளைக் கோட்டு. மேசையில் லேமினேட் செய்த ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒரு கட்டு. குர்குமின் (மஞ்சளில் உள்ள பொருள்), பெருங்குடல் புற்று, பரவல் தடுப்பு என்று வரும் இடங்களில் மட்டும் மஞ்சள் மார்க்கர் கோடு. “இது நான் சொல்லல தம்பி, வெளிநாட்டு சயின்டிஸ்ட் சொல்றான்.” சித்த மருத்துவம் படித்தவரா என்று கேட்டால் நேராகப் பதில் இல்லை. முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களை இந்த ஆளோடு சேர்க்க வேண்டாம்.

மஞ்சள் சாற்றுக் கேப்சூல், முள்சீத்தா இலைப்பொடி, ஒரு கஷாயப் பொடி. மூன்று மாதத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். ஜிபேயில் போட்ட பணம் ஒரு தனிநபர் கணக்குக்குப் போனது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டு. கிளம்பும்போது சொன்னார்: “கீமோவ நிறுத்தச் சொல்லல. ஆனா கேன்சர் டாக்டர்கிட்ட இதச் சொல்லாதீங்க, அவங்களுக்குப் பிடிக்காது.” வாங்கிய பொருளைவிட இந்த வார்த்தைதான் அதிகம் கெடுத்தது. பெரியம்மா அதை அப்படியே கடைப்பிடித்தார். பாட்டிலைச் சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அடுத்த கீமோவுக்கு அப்புறம் பேதி நிற்கவே இல்லை. ரத்தப் பரிசோதனையில், சுமார் 40-க்குள் இருக்க வேண்டிய எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவு) 300-ஐத் தாண்டியிருந்தது. கீமோவைத் தள்ளி வைத்தார்கள். “வேற ஏதாவது சாப்பிடுறாரா?” என்று டாக்டரம்மா இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் பாட்டில் வெளியே வந்தது.

அவர் முதலில் பார்த்தது லேபிளை. முன்பக்கம் பளபளவென்று மஞ்சள் கிழங்குப் படம். பின்பக்கம், பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் எழுத்தில், ஒரு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர், அதன் கீழே ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில். அதாவது சட்டப்படி அது உணவுப் பொருள். மருந்து உரிம எண் எங்கேயும் இல்லை. சேர்மானத்தில் பைப்பரின் என்று இருந்ததை விரலால் காட்டினார்.

பைப்பரின் மிளகில் இருப்பது. மஞ்சளில் உள்ள குர்குமின் வாய்வழியாகப் போனால் உடம்பில் சேருவது மிகக் குறைவு. பைப்பரின் சேர்த்தால் அது 20 மடங்கு கூடுகிறது என்று 1998-இல் பெங்களூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் கண்டுபிடித்தார்கள். விற்பவரும் இந்த 20 மடங்கைத்தான் பெருமையாகச் சொன்னார். அவர் சொல்லாதது, அது எப்படிக் கூடுகிறது என்பது. வேண்டாத பொருள்களை உடைத்து வெளியேற்றும் கல்லீரலின் வேலையைப் பைப்பரின் மட்டுப்படுத்துகிறது. ஐரினோடீகனையும் அதே கல்லீரல்தான் உடைத்து வெளியேற்ற வேண்டும். அது உடம்பில் தேங்கினால் முதலில் தெரிவது கடும் பேதியும் வெள்ளணுக்கள் குறைவதும். எதிர்ப்பக்கமும் நடக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ஐரினோடீகனின் வேலை செய்யும் பகுதி ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்ததாக நெதர்லாந்தில் 2002-இல் கண்டார்கள். இது போக, மஞ்சள் கேப்சூலாலேயே கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வந்தது. அதில் ஒருவர் இறந்துவிட்டார். நாம் குழம்பில் போடும் சிட்டிகை மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

“இதனாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது, கீமோவாலயும் பேதி வரும். ஆனா எனக்குத் தெரியாம உள்ள போனா நான் எத வச்சு டோஸ் போடுறது?” என்றார் டாக்டரம்மா. கேப்சூலை நிறுத்திய பிறகு அளவுகள் படிப்படியாக இறங்கின. கீமோ மறுபடி ஆரம்பித்தது, குறைந்த டோஸில்.

அண்ணன் விடாமல், “செடி, மரத்துல இருக்கிற எதுவுமே வேலை செய்யாதா மேடம்?” என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார். “அப்பாவுக்கு ஏத்துற ஐரினோடீகனே மரத்துல இருந்து வந்ததுதான்.” உண்மைதான். காம்ப்டோதெகா என்ற சீன மரத்திலிருந்து மன்ரோ வால், மன்சுக் வானி என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் 1966-இல் காம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே பொருள் உள்ள ஒரு மரம் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி ரத்தம் வரவழைத்தது, கைவிட்டார்கள். அதன் வேதி அமைப்பை மாற்றி ஐரினோடீகனாக்கியது ஜப்பானின் யாகுல்ட் நிறுவனம் (ஆமாம், கடையில் குட்டி பாட்டிலில் வரும் அதே யாகுல்ட்). குடல் புற்றுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 1996-இல். மரத்திலிருந்து பாட்டிலுக்கு வர முப்பது வருஷம்.

லேமினேட் கட்டுரைகளை அண்ணன் போனில் படம் எடுத்திருந்தார். சொந்தத்தில் பார்மகாலஜி (மருந்தியல்) படிக்கும் பெண்ணிடம் காட்டினோம். ஒன்றில்கூட நோயாளி இல்லை. எல்லாம் எச்சிடி-116, எச்டி-29 போன்ற, ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள், ஒன்றிரண்டில் எலி. தட்டில் செல்கள் மேல் நேராக ஊற்றும் அளவு, வாயில் போட்டால் ரத்தத்துக்கே வருவதில்லை என்றாள். ஃபைலில் இல்லாத ஒரு கட்டுரையையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். குடல் புற்று கல்லீரலுக்குப் பரவிய 12 பேருக்கு ஆபரேஷனுக்கு முந்தைய ஒரு வாரம் தினமும் 3.6 கிராம் வரை குர்குமின் கொடுத்து, வெட்டியெடுத்த கல்லீரலில் தேடியிருக்கிறார்கள். பிரிட்டனில் லெஸ்டரில், 2004-இல் வெளியானது. கல்லீரலில் குர்குமின் இல்லை. பெரியப்பாவுக்குக் கட்டி இருப்பது அங்கேதான்.

அதே லெஸ்டரில் கீமோவோடு குர்குமின் கொடுத்த ஒரு சோதனை 2019-இல் வந்தது, நம்பிக்கை தருவதாகவும் இருந்தது. ஆனால் மொத்தம் 28 பேர்தான், கொடுத்த கீமோ கூட்டும் பெரியப்பாவுடையது இல்லை, டாக்டர்கள் கண்காணிப்பில் நடந்தது. முள்சீத்தாவுக்கு அதுகூட இல்லை. “கீமோவைவிட 10,000 மடங்கு” என்ற வாட்ஸப் செய்தியின் மூலமும் ஆய்வகத் தட்டுதான். அதிகம் சாப்பிட்டவர்களிடம் பார்கின்சன் போன்ற நரம்புப் பிரச்சினை தென்பட்டதைக் கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் 1999-லேயே எழுதிவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “பேதி ஆகுதுன்னா கழிவு வெளியேறுதுன்னு அர்த்தம், நல்லதுதானே?” என்றார் அந்த ‘ஆலோசகர்’. எஸ்ஜிபிடி ரிப்போர்ட்டை நீட்டினோம். குரல் மாறியது. “நாங்க மருந்துன்னு சொல்லவே இல்லையே, லேபிள்ல போட்டிருக்கே!” அதற்காகத்தான் அந்தப் பொடி எழுத்து.

மந்திர மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் என்று 1954-லிருந்து ஒன்று இருக்கிறது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று எந்தப் பொருளுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, அட்டவணையிலேயே புற்றுநோய் இருக்கிறது. அவர்களுடைய வீடியோவில் ‘நாலாவது ஸ்டேஜும் குணமாகும்’ என்று வரும் இடத்தைப் பதிவு செய்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கொடுத்தோம். லேபிள் படம் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு. பணத்துக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறோம். புகார் போன பிறகு அந்த வீடியோ மட்டும் காணாமல் போனது, கடை திறந்துதான் இருக்கிறது.

இதுபோல யாராவது வாங்கியிருந்தால் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, அடுத்த கீமோவுக்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், துண்டுச்சீட்டு, அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் புகாருக்கு வேண்டும். நாங்கள் எழுதிய புகாரின் நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.