கோவேறு கழுதைக்கு மரச்சேணமா, வைக்கோல் திண்டா?

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் மலைத்தடத்தில், ஜீப் நுழையாத தோட்டங்களுக்குக் கோவேறு கழுதைதான் துணை. உரமூட்டை மேலே போகும். காப்பியும் மிளகும் கீழே வரும். புதிதாக ஒரு கழுதையைப் பழக்கத் தொடங்கியபோது மரச்சட்டச் சேணம் வாங்குவதா, வைக்கோல் அடைத்த இரட்டைத் திண்டு தைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் திண்டைத் தேர்ந்தெடுத்தேன்.

மரச்சேணத்தின் பலம் எல்லோருக்கும் தெரியும். பொதி ஆடாது, கயிறு கட்டுவது எளிது, கேஸ் சிலிண்டருக்குத் தோது. திண்டு மலிவு. எதுவானாலும் முதுகுத்தண்டின் மேல் படாமல், பாரம் இருபுறமும் விலாவின் மேல் சமமாக உட்கார வேண்டும். கோவேறு கழுதையின் தோள்மேடு தாழ்வானது. இறக்கத்தில் எந்தச் சேணமும் கழுத்தை நோக்கிச் சரியும். அதனால் பின்தொடையைச் சுற்றி வரும் வார் இரண்டுக்குமே கட்டாயம்.

என் முடிவுக்குக் காரணம் பராமரிப்பு. கழுதையின் முதுகு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மழைக்குப் பின் பசும்புல் தின்று சதை பிடிக்கும், கோடையில் இளைக்கும். மரம் அதற்கேற்ப மாறாது. கம்பளியை மடித்துக் கொடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே இறுக்கமான சேணத்தின் அடியில் இன்னொரு மடிப்பைச் செருகினால் அது இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

பாரத்தை இறக்கியதும் வயிற்று வாரைத் தளர்த்தி, திண்டைச் சற்று நேரம் அப்படியே விட்டுவைக்கிறேன். அழுந்தியிருந்த தோலுக்கு இரத்தம் மெல்லத் திரும்ப வேண்டும். எடுத்தவுடன் வேர்வையைப் பார்க்க வேண்டும். நனைந்த ரோமத்தின் நடுவே ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் கூடுதல் என்று பொருள். அதை விட்டால் வீக்கம் வரும், பிறகு புண். ஆறினாலும் அங்கே வெள்ளை ரோமம்தான் முளைக்கும். திண்டாக இருந்தால் அன்றிரவே தையலைப் பிரித்து, அந்த இடத்துக்கு நேராக ஒரு பிடி வைக்கோலை உருவி, சுற்றிலும் கொஞ்சம் சேர்த்துத் தைத்துவிடலாம். மரச்சேணத்துக்குத் தச்சரைத் தேட வேண்டும். ஒரு வீக்கத்துக்காகக் குடைந்த பலகை, வீக்கம் வற்றிய பிறகும் குழியாகவே நிற்கும். அதன் விளிம்பு வேறோர் இடத்தை உறுத்தும்.

பழக்குவதற்கும் திண்டே நல்லது. நான்கு வயதுக்கு முன் முதுகில் பாரமே கூடாது. முதலில் வெறும் திண்டு, பிறகு இருபுறமும் உமி மூட்டை, அதன் பிறகே எடை. மரம் கிறீச்சிடும் சத்தத்துக்கு மிரளும் குட்டி, திண்டைப் பேசாமல் ஏற்றுக்கொள்கிறது. பொதிவிலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் கோவேறு கழுதைக்கு 200 கிலோ வரை அனுமதிக்கின்றன. இந்த ஏற்றத்தில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். பக்கத்துக்கு ஒரு யூரியா மூட்டை, அதாவது மொத்தம் 90 கிலோ, அதற்கு மேல் வேண்டாம்.

திண்டின் குறை ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் ஊறிக் கனக்கும்; அடுப்புக்கு மேலே பரணில் போட்டு உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மலைக்கு அந்தப் பக்கம், மூணாற்றில், தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். அந்த மழையில் நான் தொடர்ந்து பொதி ஓட்டியதில்லை. அங்கே மரச்சேணம் மேலாக இருக்கக்கூடும்.

வைக்கோலுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்கிறது. நீளமான, முறியாத தாளாகப் பார்த்து வாங்குங்கள். இலவம்பஞ்சு ஒரே இடத்தில் கட்டிதட்டிப் போகும், தேங்காய் நார் குத்தும். திண்டைக் கையால் அமுக்கும்போது கட்டி தட்டுப்பட்டால் முழுவதையும் உதறி மீண்டும் அடைக்க வேண்டும்.